ஸ்டென்ட்டை எப்போது மாற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதுங்கள்

புற்றுநோயாளிகளுக்கு எண்டோஸ்கோப்பி சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். கணையத்தின் தலைப்பகுதியில் வந்த புற்றுநோயோடு என் அப்பா ஒன்பது மாதம் இருந்தார். கட்டியால் பட்ட பாட்டைவிட அது உண்டாக்கிய அடைப்புகளால் அவர் பட்ட பாடுதான் அதிகம்.

முதலில் பித்தநாளம், அதாவது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய், அடைத்தது. கண் மஞ்சளானது, சிறுநீர் கறுத்தது, அப்புறம் அந்த அரிப்பு. இரவெல்லாம் சொறிந்து சொறிந்து முதுகு முழுக்க ரத்தக் கோடுகள். வாய் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமரா வைத்த வளையும் குழாயை விட்டு, பித்தநாளத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட், அதாவது அடைத்த பாதையைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய், வைத்தார்கள். சில நாட்களில் அரிப்பு அடங்கியது. மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் ரத்தத்தில் இறங்கிய பிறகு கீமோவும் தொடங்க முடிந்தது. வயிற்றைக் கிழிக்காமல் இதைச் செய்ய முடிகிறதே என்று அன்று உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இன்றும் அந்த நன்றி குறையவில்லை.

ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் 'ஸ்டென்ட் வைக்கப்பட்டது' என்று மட்டுமே இருந்தது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான், உள்ளே கிருமியும் பித்தக் கசடும் படிந்து மூன்று மாதம் போல ஆனால் அடைத்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை. 10 மில்லிமீட்டர் வரை விரியும் உலோக ஸ்டென்ட் பெரும்பாலும் அதைவிட நெடுநாள் தாங்கும் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. நான்காவது மாதம் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கீமோவின் வேலை என்று நினைத்து இரண்டு நாள் பாராசிட்டமால் கொடுத்தோம். உண்மையில் அது அடைத்த பித்தநாளத்தில் வந்த தொற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தார்.

கணையத்தில் அழற்சி வரலாம், ரத்தக்கசிவு வரலாம் என்று முன்கூட்டியே விளக்கிக் கையெழுத்து வாங்குகிறீர்கள். சரி, அது தேவைதான். எந்த வகை ஸ்டென்ட், எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும், குளிர்காய்ச்சலோ மஞ்சளோ திரும்பினால் அன்றைக்கே எங்கே வர வேண்டும், இரவில் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் நோயாளியின் மொழியில் எழுதிக் கொடுங்கள். நான்கு வரிதான்.

வாந்தியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில், முந்தின நாள் சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வெளியே வந்தது. வாரக்கணக்கில் வாந்தி மாத்திரைதான் மாறி மாறிக் கொடுத்தார்கள். கட்டி முன்சிறுகுடலை நெருக்கி, இரைப்பையின் வாசலை மூடியிருந்தது. அங்கே உலோக ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள், அப்பா "பசிக்குது" என்றார். கரண்டியைத் தானே பிடித்துச் சாப்பிட்டார். ஸ்டென்ட்டுக்குள் கட்டி மறுபடி வளரலாம் என்பதும், உடம்பு தாங்குமானால் அறுவை சிகிச்சையில் போடும் மாற்றுப்பாதை நெடுநாள் நிற்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் மூலம் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் முறையும் இப்போது இருக்கிறது. எது பொருந்தும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பழைய சாப்பாடு வாந்தியாக வருகிறது என்று வீட்டார் சொன்னால், கீமோ என்று முடிவு கட்டும் முன் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாரங்களில் அப்பா வெறும் வயிற்றோடு இருந்தார்.

இப்படிக்கு,
ஒரு மகள்