மண்சுவருக்குச் சிமெண்ட் கரண்டி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்வீடு, சுண்ணாம்புப் பூச்சு பற்றி உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் எல்லாக் கட்டுரையும் கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று கலவையிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கலவையை எதால் அள்ளி, எதால் அழுத்தி, எதால் தேய்ப்பது என்று யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் இப்போது மண்வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள், கலவைக் குறிப்பைச் செல்போனில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பூசுவதற்கு மட்டும் சிமெண்ட் வேலை செய்கிற கொத்தனாரையும் அவர் பைக்குள் கிடக்கிற இரும்புக் கரண்டியையும் நம்பி நிற்கிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தக் கொத்தனாரைக் குறை சொல்லவில்லை. கலவையை அடித்து, மட்டக்கட்டையால், அதாவது பூச்சைச் சமப்படுத்துகிற நீளச் சட்டத்தால் இழுத்து, கடைசியில் இரும்புத் தகட்டால் பளபளவென்று தேய்த்துவிடுவது அவர் கைக்குப் பழகிப்போனது, வீட்டுக்காரரும் பளபளப்பைப் பார்த்துத்தான் கூலி கொடுக்கிறார். மண்ணிலோ சுண்ணாம்பிலோ அடிப்பூச்சிலேயே இப்படித் தேய்த்தால், கலவைக்குள் இருக்கிற நைசான பொடியும் தண்ணீரும் மேலே ஏறி வந்து தோல் போட்டது மாதிரி மூடிக்கொள்ளும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அடுத்த பூச்சுக்குப் பிடிமானமே இருக்காது. சுண்ணாம்புக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் அது இறுகும், மேலே இப்படி அடைத்துவிட்டால் உள்ளே காற்று எப்படிப் போகும்?

மண்சுவரின் முதல் பூச்சுக்குக் கையை மிஞ்சின கருவி கிடையாது. முதலில் வெள்ளையடிக்கிற மட்டையைத் தண்ணீரில் முக்கிச் சுவர் முழுக்க நன்றாக உதறி நனைத்துவிட வேண்டும். அப்புறம் குழைத்த மண்ணை உருண்டையாக எடுத்து ஓங்கி அறைந்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்தி மேலே இழுத்தால்தான் சந்து பொந்தெல்லாம் மண் போய் உட்காரும். ஊரில் சாணி மெழுகிப் பழகிய பெண்கள் இதைச் செய்வதை நின்று பாருங்கள், எந்த இடத்தில் உள்ளே காற்று நிற்கிறது என்பது அவர்கள் கைக்கே தெரிகிறது, அங்கே மட்டும் இன்னொரு அழுத்து அழுத்திவிட்டு நகர்கிறார்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஒரு ரீப்பர் துண்டில் வரிசையாக ஆணி அடித்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் அடுத்த பூச்சு பிடித்துக்கொள்ளும். செலவு என்று பார்த்தால் ஆணிதான்.

இரண்டாவது பூச்சுக்கு மணியாஸ் கட்டை, அதாவது கைப்பிடி வைத்த மரப்பலகை. மரம் தேய்த்த இடம் கொஞ்சம் சொரசொரப்பாக, திறந்து இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். கடையில் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்கில்தான் தருகிறார்கள், அதுவும் மோசமில்லை, ஆனால் தச்சரிடம் சொல்லிப் பழைய தேக்குத் துண்டு ஒன்றை இழைத்து வாங்கிக்கொண்டால் கையில் நன்றாக நிற்கும். வேலை தொடங்குமுன் தண்ணீரில் ஊறப்போடுங்கள், காய்ந்த மரம் மண்ணையும் சேர்த்துப் பிடித்து இழுத்துவிடும். அப்புறம் ஒன்று, திருமங்கலம் பக்கத்துக் கரிசலை அப்படியே குழைத்துப் பூசிவிட்டு வெடிப்புக்குக் கட்டையைத் திட்டிப் பயனில்லை, அந்த மண்ணுக்கு மணலும் வைக்கோலும் கூடுதலாக வேண்டும்.

இரும்பே கூடாது என்று சொல்லவில்லை. கடைசிப் பூச்சுக்கு மெல்லிய, வளைந்துகொடுக்கிற தகடு வேண்டும். எப்போது தேய்ப்பது? கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக்கூடாது, அதுதான் நேரம். கடைத் தகட்டின் நாலு மூலையும் கூராக இருக்கும், வளைந்த சுவரில் கோடு கிழித்துவிடும், அதனால் அரத்தால் ராவி மூலைகளை உருட்டிக்கொள்ளுங்கள். ஜப்பானில் பூச்சு வேலைக்காரர்கள் ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனிக் கரண்டி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு இங்கே சிலர் ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். வசதி இருந்தால் வாங்கட்டும். ஐஸ்கிரீம் டப்பா மூடியை விளிம்பு நீக்கி வெட்டி எடுத்தாலே உள்வளைவுகளில் பாதி வேலை முடிந்துவிடும்.

வெள்ளைச் சுண்ணாம்புக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி, சாதா இரும்பு துருக்கறையை விட்டுவிடும். அலுமினிய மட்டக்கட்டையைச் சுண்ணாம்போடு அப்படியே போட்டுவிட்டுப் போகாதீர்கள், காரம் அலுமினியத்தை அரிக்கும், வேலை முடிந்ததும் கழுவிவிட வேண்டும். மெருகுக்குக் கூழாங்கல். மொராக்கோவில் இன்றும் சுண்ணாம்புப் பூச்சைக் கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்புப் போட்டு, குளியலறைச் சுவரில்கூடத் தண்ணீர் இறங்காதபடி செய்கிறார்கள். நம்மிடம் மட்டும் என்ன குறைச்சல்? 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் சுண்ணாம்புச் சுதை வேலையும் செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. மேலூர்ப் பக்கம் ஒரு வயதான கொத்தனார் மடியிலிருந்து முட்டை அளவில் ஒரு கல்லை எடுத்துக் காட்டினார், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருந்தது. "கல்லு கையில உக்காரணும் தம்பி, நாம அமுக்குனா செவுரு கருத்துப்போகும்" என்றார்.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நடத்துகிற அரசுப் பயிற்சிகளில் மண், சுண்ணாம்புப் பூச்சையும் அதற்கான கருவிகளையும் சேர்க்கலாம், இந்த மாதிரி ஆட்களை அழைத்து வந்து அன்றைய கூலி கொடுத்துச் சொல்லித்தரச் சொல்லலாம். நீங்களும் அடுத்த முறை கலவைக்குப் பாதி, கருவிக்குப் பாதி என்று இடம் ஒதுக்குங்கள், முடிந்தால் படத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்.

பின்குறிப்பு: மண்ணைக் கையால் பூசச் சொன்னேன் என்று சுண்ணாம்பையும் வெறுங்கையால் அள்ளிவிட வேண்டாம், தோல் வெந்துவிடும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றி, நிறுத்தாமல் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போய்விடுங்கள்.