ஆர்ச்சிம்போல்டோவின் முகங்கள் வெறும் வேடிக்கை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஜூசெப்பே ஆர்ச்சிம்போல்டோவின் ‘நெருப்பு’, ‘நீர்’ ஆகிய ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால், பொருள்களை அடுக்கி மனித முகம் செய்த ஒரு விசித்திரக் கலைஞரின் விளையாட்டு என்ற அளவிலேயே கட்டுரை அவற்றைக் கடந்துவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அவை ஒரு பேரரசின் பெருமையைப் பேசுவதற்காகத் தீட்டப்பட்டவை. அதைச் சொல்லாமல் விடுவது அந்தக் கலைஞரின் அறிவுக்குச் செய்யும் அநீதி.

மிலான் நகரத்தவரான ஆர்ச்சிம்போல்டோ, புனித ரோமப் பேரரசை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குலத்தின் அரசவையில் பணியாற்றியபோது 1563-இல் நான்கு பருவங்களையும் 1566-இல் நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகிய நான்கு பூதங்களையும் முகங்களாக வரைந்தார். 1569 புத்தாண்டன்று இவை பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனுக்குக் காணிக்கையாக வழங்கப்பட்டபோது, உட்பொருளை விளக்கி ஃபோன்டியோ என்ற கவிஞர் எழுதிய கவிதையும் உடன் அளிக்கப்பட்டது.

‘நெருப்பு’ ஓவியத்தை நிதானமாகப் பார்த்தால் போதும். எரியும் விறகு தலைமுடியாகவும், சுருட்டிவைத்த திரி நெற்றியாகவும் அமைந்திருக்க, கழுத்தருகே விளக்கும் மெழுகுவத்தியும் இருக்கின்றன. அதற்கும் கீழே மார்பை நிறைப்பவை பீரங்கிகளும் துப்பாக்கிகளும். வீட்டுக்கு ஒளி தரும் தீ, கண் கீழிறங்க இறங்கப் போர்க்கருவியாகிவிடுகிறது. ஹங்கேரியில் ஒட்டோமன் (துருக்கிய) படையுடன் போர் நடந்த அதே ஆண்டில் வரையப்பட்ட ஓவியம் இது என்பதால், அரசவையில் எவருக்கும் இதன் பொருள் விளங்காமல் இருந்திருக்காது. போதாதென்று, ஹாப்ஸ்பர்க் குலம் போற்றிய ‘பொன் ஆட்டுத்தோல்’ வீரர் குழுவின் சங்கிலியும், பேரரசின் இரட்டைத்தலைக் கழுகும் மார்பிலேயே கிடக்கின்றன.

‘நீர்’ ஓவியத்தில் ஒன்றையொன்று தின்னக்கூடிய கடலுயிர்கள் ஒரே முகமாக இணங்கி நிற்கின்றன. பகை கொண்டவையும் பேரரசரின் ஆட்சியில் ஒன்றுபடும் என்பதே அதன் செய்தி.

இந்த வரிசைகளைத் தனித்தனியாகப் பார்ப்பதும் சரியன்று. வெப்பமும் வறட்சியும் கொண்ட கோடைக்கு நெருப்பு, குளிரும் ஈரமும் கொண்ட குளிர்காலத்துக்கு நீர் என, அரிஸ்டாட்டில் வகுத்த குணங்களின்படி ஒவ்வொரு பருவமும் ஒரு பூதத்துடன் இணைகிறது. எனவே அடுத்த முறை ‘கோடை’யையும் ‘நெருப்பை’யும் எதிரெதிரே, அந்தக் கழுகு தெளிவாகத் தெரியும் அளவில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்