கோல்கும்பஸில் கத்த வேண்டாம்

ஆசிரியருக்கு,

தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் பிஜாப்பூர் (இன்றைய விஜயபுரா) பற்றி வந்த கட்டுரையில், கோல்கும்பஸ் என்ற சுல்தானின் கல்லறை மாளிகையில், குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றிவரும் மேல்மாடத்தில் நின்று கத்தினால் பத்து முறை திரும்பக் கேட்கும் என்று எழுதியிருந்தார்கள். கேட்கும்தான். ஆனால் அப்படிக் கத்துகிறவர்களால்தான் அந்த இடத்தின் அசல் வித்தை மற்றவர்கள் காதில் விழாமல் போகிறது. அடுத்த முறை அந்த வரியை எடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

அங்கே செய்ய வேண்டியது கிசுகிசுப்பது. குவிமாடத்தின் உள்விட்டம் சுமார் 38 மீட்டர். ஒருவர் சுவரை ஒட்டி உட்கார்ந்து, வாயைச் சுவரருகே வைத்து, சுவர் வளைந்து போகும் பக்கமாக மெல்லப் பேச வேண்டும். இன்னொருவர் நேர் எதிர்ப்புறம் சுவரில் காது வைக்க வேண்டும். ஒலி வளைவைத் தொட்டுத் தொட்டு வழுக்கிக்கொண்டு போவதால் சிதறாமல் போய்ச் சேரும். காகிதம் கசங்கும் சத்தம்கூட. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நடுவெளியைப் பார்த்துப் பேசினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

பள்ளிச் சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்துவிட்டால் கதை முடிந்தது. ஒரு விசில் அடங்குவதற்குள் இன்னொன்று கிளம்பும். கீழ்க்கூடத்துப் பேச்சும் மேலே வந்து கலக்கும். காலை 6 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, நேராக மேலே ஏறிவிடுவதுதான் வழி. மூலைக் கோபுரத்துக்குள் ஏழு நிலை. படிகள் குறுகல், செங்குத்து. எதிரே ஆள் இறங்கி வந்தால் ஒதுங்கிக்கொள்ளவும் இடம் போதாது.

முழங்கால் வலிக்காரர்கள் ஏறாவிட்டாலும் நஷ்டமில்லை. 41 மீட்டர் சதுரக் கூடத்தில் ஒரு தூண் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் எட்டு வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சதுரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்துக்குக் கொண்டுவருவது தெரியும். குவிமாடம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 'உலகிலேயே இரண்டாவது பெரிய குவிமாடம்' என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்ப வேண்டாம். ரோமின் பாந்தியன் 43 மீட்டருக்கு மேல். புனித பேதுரு பேராலயத்தினுடையதும் இதைவிட அகலம். ஆனால் ஒரே குவிமாடத்தின் கீழ் அடங்கிய தரைப்பரப்பில் கோல்கும்பஸ் பாந்தியனை மிஞ்சுகிறது: சுமார் 1,700 சதுர மீட்டர்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. இங்கே அடங்கியிருக்கும் பிஜாப்பூர் சுல்தான் முகமது அடில் ஷாவின் (இறப்பு 1656) காலத்தில்தான் செஞ்சிக் கோட்டை பிஜாப்பூர் வசமானது. தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவிய ஏகோஜியும் பிஜாப்பூரின் தளபதியாக வந்தவரே.

வெயில் ஏறுவதற்குள் ஆட்டோ பிடித்து ஊரின் மேற்குக் கோடிக்குப் போய்விடலாம். போகிற வழியில் கோட்டைக் கொத்தளத்தின் மேல், 1549இல் அகமதுநகரில் வார்த்த 55 டன் பீரங்கி மாலிக்-இ-மைதான் இருக்கிறது. அதன் வாய், யானையைக் கவ்வும் சிங்கமுகம். கடைசியில் இன்னொரு சுல்தானின் கல்லறையான இப்ராகிம் ரௌசா. அதன் ஜன்னல்களில் அரபு எழுத்துகளையே கல்லில் துளைத்துப் பலகணியாக்கியிருப்பதை உள்ளிருந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்க வேண்டும். கோல்கும்பஸ் முன்புள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

— வாசகர், ஓசூர்