வளையல் காசில் வாங்கிய கத்தி

அன்புள்ள தம்பிக்கு,

நீ சூரிச்சிலிருந்து கொடுத்தனுப்பிய கத்தி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. அப்பா அன்றைக்கே ஒரு மாங்காயை நறுக்கிப் பார்த்துவிட்டு, "கத்தின்னா இது கத்தி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் ஏன் என்று கேட்டாய். போனில் சொல்ல வராது, எழுதுகிறேன்.

எனக்கும் இப்படி ஒன்று இருந்தது. 1979 சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சிக்குப் போனோம். வளையல் வாங்கிக்கொள்ளச் சொல்லி உன் அம்மாச்சி மூன்று ரூபாய் கொடுத்திருந்தாள். 'எதை எடுத்தாலும் இரண்டு ரூபாய்' கடையில், சீப்புக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் நடுவே சிவப்பாக ஒரு மடக்குக் கத்தி. கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்தார். பெரிய கத்தி, சின்னக் கத்தி, ஸ்பூன், ஃபோர்க், பாட்டில் ஓப்பனர், நக அரம், அப்புறம் ஒரு முறுக்குக் கம்பி. மொத்தமும் விரிந்ததும் மல்லாந்த நண்டு மாதிரி இருந்தது. வளையல் கடைப் பக்கமே நான் போகவில்லை.

உருப்படியாக ஏதாவது வேலை செய்ததா என்றால், இல்லை. எல்லாம் தகரம். பெரிய கத்தியை நிமிர்த்தப் போனால் நகம்தான் பிய்ந்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன், அப்புறம் அது தளர்ந்துபோய் வெட்டும்போதே மடங்கி விரலைக் கடித்தது. என் இடது சுட்டுவிரலில் இருக்கும் கோடு அரிவாள்மனை பட்டது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன் இல்லையா? அது பொய். பென்சில் சீவ, மற்ற பிள்ளைகள் வைத்திருந்த அரை பிளேடே தேவலை. ஸ்பூனில் உப்புமாவை அள்ளினால் ஸ்பூன் பின்னால் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

ஆனாலும் அது இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. பாவாடையில் பை ஏது? ஜாமெட்ரி பாக்ஸில்தான் இருக்கும். உன் மாமாவுக்கு டவுசரில் இரண்டு பை, இரண்டும் காலி. அவனுக்கு அதில் எரிச்சல்.

அந்த முறுக்குக் கம்பிதான் யாருக்கும் புரியவில்லை. எங்கள் தெருவில் பாட்டில் என்றால் கோலி சோடா, கோலியை உள்ளே அமுக்கினால் தீர்ந்தது. காது குடைவதற்கு என்றான் மாமா. தாத்தாவைக் கேட்டால், "அதெல்லாம் உனக்கெதற்கு" என்றார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அதைத் தேங்காயின் மூன்று கண்களில் மெத்தென்று இருக்கும் ஒன்றில் திருகி, தண்ணீரை உறிஞ்சிக் குடித்தேன். அந்தக் கத்தி ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

போன வாரம் நீ சொன்னாயே, சுவிட்சர்லாந்துக் கத்திக்காரர் கார்ல் எல்செனர் 1891-ல் அந்த நாட்டுப் பட்டாளத்துக்குச் செய்து கொடுத்த மடக்குக் கத்தியில் இந்த முறுக்குக் கம்பி, அதாவது பாட்டில் கார்க்கைப் பிடுங்கும் கார்க் திருகி, கிடையாது, 1897-ல் வந்த அதிகாரிகள் கத்தியில்தான் உண்டு என்று. சிப்பாய்க்குத் துப்பாக்கியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர், அதிகாரிக்கு ஒயின் திறக்கத் திருகி! சரிதான், எல்லா ஊரிலும் அப்படித்தான். மாமாவிடம் சொன்னேன். காது குடையத்தான் என்று இன்னமும் சாதிக்கிறான்.

ஏழாம் வகுப்பு லீவில் அம்மாச்சி வீட்டை ஒழித்தபோது, அதைப் பழைய இரும்போடு சேர்த்துப் பேரீச்சம்பழக்காரரிடம் போட்டுவிட்டாள். எனக்கும் நாலு பழம் கொடுத்தாள். அழுதுகொண்டே தின்றேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அதே பொருட்காட்சியில் அதே மாதிரி ஒரு கத்தி கேட்டு அடம்பிடித்தாய். "சின்னப் பிள்ளைக்குக் கத்தி எதுக்கு?" என்று இழுத்துக்கொண்டு வந்து பலூன் வாங்கிக் கொடுத்தேன். நீ பலூனைப் பிடிக்கவே இல்லை. கொஞ்ச தூரம் வந்ததும் நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் இன்னொரு பையனுக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக் கொடுத்திருக்கலாம். விரல்தானே, ஆறியிருக்கும்.

உன் கத்தியை நிமிர்த்தினால் 'டக்' என்று நின்றுகொள்கிறது. மடக்கவும் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது. அப்பா மறுபடியும் மாங்காயோடு வந்தார், தரவில்லை. நேற்று அவர் தூங்கும்போது அடுப்படியில் ஒரு தேங்காயை எடுத்துக் கண்ணில் திருகியை வைத்தேன். இரண்டே சுற்றில் இறங்கிவிட்டது.

அன்புடன்,
அம்மா