வண்ண விளக்கும் கரண்ட் பில்லும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
ஜூன் 2025

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஷட்டரை முழுசாகத் தூக்கக்கூட இல்லை, மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சார் வந்து நின்றார். பைக்கின் பின்சீட்டில் அவர் மகன். அவன் மடியில், பழைய போர்வை சுற்றிய கேமிங் பிசி. ஒரு வருடத்துக்கு முன் நாங்கள் அசெம்பிள் செய்து கொடுத்ததுதான். "தம்பி, இதுல இருக்கிற கலர் லைட்டையெல்லாம் கழட்டிடுங்க. ஈபி பில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிடுச்சு. தேர் மாதிரி ராத்திரி பகலா எரியுது, பில் ஏறாம என்ன பண்ணும்?" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. கோடை பில் வரும்போதெல்லாம் நாலைந்து பேராவது இதைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அன்றைக்குக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களிடம் ஒரு வாட் மீட்டர் இருக்கிறது. சுவர் பிளக்குக்கும் பிசிக்கும் நடுவில் செருகினால் அந்த நேரத்தில் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும். சாரின் மெஷினை அதில் மாட்டி ஆன் செய்தோம். விண்டோஸ் வந்து சும்மா நிற்கும்போது 68 வாட். கேபினெட்டில் ஆறு ஃபேன், ராம் (மெமரி) மேல் விளக்கு, எல்லாம் வானவில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. மென்பொருளில் போய் அத்தனையையும் அணைத்தோம். மீட்டர் 57க்கு இறங்கியது. அதாவது விளக்குக்குப் போனது 11 வாட். வீட்டில் ஒரு எல்இடி பல்பு எரிந்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரே மவுஸை வாங்கி இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

கணக்காகவும் பார்க்கலாம். இந்த ஃபேன்களில் வருவது 5 வோல்ட் எல்இடி. ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி, மூன்றையும் கலந்தால் 1 கோடியே 67 லட்சம் நிறம். டப்பாவில் 16.7 மில்லியன் கலர் என்று பெருமையாகப் போட்டிருப்பது இதைத்தான். (இந்த மூன்றில் நீலம்தான் கடைசியில் வந்து சேர்ந்தது. அதைச் செய்துகாட்டிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். நம்ம பையன்கள் ஒளி காட்டும் கேபினெட்டுக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு நிற்கிறது!) மூன்று நிறமும் முழு வெளிச்சத்தில் எரிந்து வெள்ளையாகத் தெரியும்போது ஒரு எல்இடி அதிகபட்சம் 0.3 வாட் எடுக்கும். ஃபேனுக்கு 8 எல்இடி, ஆறு ஃபேனுக்கு 48. முழு வெள்ளையில் வைத்தாலும் 15 வாட்டைத் தாண்டாது. சிவப்பு மட்டும் எரிந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட்; தினம் ஆறு மணி நேரம் என்றாலும் இரண்டு மாத பில்லில் ஐந்தரை யூனிட் கூட வராது.

அப்படியானால் பில் எங்கிருந்து ஏறியது? பையனை ஒரு கேம் போடச் சொன்னோம். விளையாட்டு தொடங்கக்கூட இல்லை, வெறும் மெனு திரைதான். மீட்டர் 280க்குப் போய்விட்டது. அந்த மெனுவை கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்கு நானூறு ஃபிரேம் (படம்) கணக்கில் வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் இருப்பதோ 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். வினாடிக்கு அறுபதுக்கு மேல் அதால் காட்டவே முடியாது. மீதி முந்நூற்றுச் சொச்சம் ஃபிரேமும் யார் கண்ணிலும் படாமல் வெறும் சூடாகப் போகிறது. ஃபிரேம் ரேட்டை 60இல் பூட்டினோம். மீட்டர் 130க்கு வந்து நின்றது. அப்போதுதான் சார் முதல்முறையாக மகனைத் திரும்பிப் பார்த்தார்.

கார்டு எவ்வளவு சாப்பிடும் என்பதை வாங்கும்போதே தெரிந்துகொள்ளலாம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட், 3060க்கு 170, 4090க்கு 450, 2025இல் வந்த 5090க்கு 575. ஒரு காலத்தில் நாங்கள் நிறைய விற்ற ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வெறும் 75 வாட்டில் ஓடியது, அதற்குத் தனி பவர் கேபிள்கூட வேண்டாம். புதிய கார்டு என்றாலே அதிகம் இழுக்கும் என்பதில்லை. 4060, 3060ஐவிட வேகம், தீனியோ குறைவு.

இன்னொன்று. சார் வீட்டில் கேம் டவுன்லோடு ஆகட்டும் என்று ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். பகலில் பையன் கல்லூரிக்குப் போனாலும் அணைப்பதில்லை. இதைக் கேட்டபோது நானே காகிதத்தில் போட்டுப் பார்த்துத் திகைத்தேன். சும்மா நிற்கும்போது 70 வாட், 20 மணி நேரம்: 1.4 யூனிட். விளையாடும்போது 350 வாட் என்று வைத்துக்கொள்வோம், 4 மணி நேரம்: அதுவும் 1.4 யூனிட். நாலு மணி நேரம் வெறித்தனமாக விளையாடுவதும், மீதி இருபது மணி நேரம் யாருமில்லாமல் திறந்து கிடப்பதும் பில்லுக்கு ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒவ்வொன்றும் 84 யூனிட். ஸ்லீப்பில் போட்டாலே இதில் ஒரு பாதி போய்விடும்.

இதில் ஏசி வேறு. பிசி இழுக்கும் கரண்ட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் அந்த அறைக்குள் வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு 350 வாட் ஹீட்டரைப் போட்டுவிட்டு, அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசியையும் ஓட்டுவது மாதிரிதான். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்நூறு யூனிட் சங்கதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வருகிறவர்கள் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை மலிவான ரேட். ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும், அந்த நூறு யூனிட்டுக்கும் அடுத்த படியின் விலை. 490க்கும் 510க்கும் நடுவில் பில் குதிப்பது இதனால்தான். நெய்வேலி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பதற்காக நமக்குத் தனி ரேட் கிடையாதே! பாகூர், கன்னியக்கோவில் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே புதுச்சேரி மின்துறை, மாதாமாதம் பில், ரேட்டும் வேறு.

சரி, விளக்கு குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் விளக்கு முழுக்க நிரபராதி என்றும் சொல்ல மாட்டேன். அது கரண்டைத் திருடவில்லை, பட்ஜெட்டைத் திருடுகிறது. எங்கள் கடைக்கு வரும் தம்பிகள் பட்டியல் போடும்போது முதலில் கண்ணாடி கேபினெட், ஏழு ஃபேன், ஒளிரும் ராம் என்று எழுதுவார்கள். கடைசியில் பணம் இடிக்கும்போது எதில் கை வைப்பார்கள் தெரியுமா? எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது சுவர் கரண்டை வாங்கி பிசிக்குள் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில். "அண்ணா, அது உள்ளதானே இருக்கு, யார் பார்க்கப்போறா?"

யாரும் பார்ப்பதில்லை, உண்மைதான். ஈபி மீட்டர் பார்க்கும். பிசிக்குள் 300 வாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 சதவீதம் திறனுள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 333 வாட் எடுத்து 300ஐக் கொடுக்கும். முத்திரை இல்லாத மலிவு சரக்கு 75 சதவீதம்தான் என்றால் அதே 300க்கு 400 எடுக்கும். வித்தியாசம் 67 வாட். மொத்த விளக்குகளையும் முழு வெள்ளையில் எரியவிட்டாலும் வரும் செலவைப் போல நாலு மடங்கு! தினம் நாலு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 16 யூனிட். விளக்கைக் கழற்றச் சொல்கிறவர்கள் இதைக் கழற்றச் சொல்வதே இல்லை.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது மேலே பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டும் சிபியூவும் அந்த வரிசையிலிருந்துதான் சாப்பிடுகின்றன. பெட்டியில் 500 என்று போட்டு, 12 வோல்ட்டுக்கு நேரே 20 ஆம்ப் என்று இருந்தால், 12ஐ 20ஆல் பெருக்குங்கள்: 240 வாட். 3060 போட்டு விளையாட ஆரம்பித்தால் அது மூச்சுவாங்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்களில் இப்படிப்பட்டவற்றை நிறையப் பார்த்திருக்கிறோம். '80 பிளஸ்' என்ற திறன் முத்திரை இருப்பதாக வாங்குங்கள். அதில் 'ப்ரான்ஸ்' (வெண்கலம்) தரம் போதும். தினம் நெடுநேரம் ஓட்டுகிறவர்களுக்கு கோல்டு. பணம் போதவில்லை என்றால் இரண்டு ஃபேனைக் குறையுங்கள், நானே குறைத்துத் தருகிறேன். இன்னொரு பக்கம், 750 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் எப்போதும் 750 வாட் இழுக்கும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அப்படி இல்லை. தொட்டி பெரிது என்பதற்காகக் குழாயில் தண்ணீர் அதிகம் செலவாவதில்லை.

விளக்கு விஷயத்தில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மதர்போர்டில் விளக்குக்கென்று இரண்டு விதமான பின் இருக்கும். 4 பின் உள்ளது 12 வோல்ட், 3 பின் உள்ளது 5 வோல்ட். போன தீபாவளி அவசரத்தில் எங்கள் கடைப் பையன், ஒரு வாடிக்கையாளரின் 5 வோல்ட் ஃபேன் விளக்கு வயரை 12 வோல்ட் இடத்தில் அழுத்திச் செருகிவிட்டான். ஆன் செய்ததும் ஒரு நொடி பளிச்சென்று வெள்ளை. அப்புறம் இருட்டு, லேசான கருகல் வாசனை. மூன்று ஃபேனின் விளக்கும் போயிற்று, எங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தோம். வீட்டில் நீங்களே மாட்டுகிறவர்கள் என்றால், இறுக்கமாக இருந்தால் அமுக்காதீர்கள். சரியான இடம் என்றால் தானாக உட்காரும்.

ஷட்டவுன் செய்த பிறகும் விளக்கு எரிகிறது, பாட்டிக்குத் தூக்கம் வரவில்லை என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. கோளாறு இல்லை. அணைத்த பிறகும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட்டில் கொஞ்சம் கரண்டை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், சில போர்டுகள் அதில் விளக்கை எரியவிடும். பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங் பக்கம்) போய் 'ஈஆர்பி' என்று இருப்பதை எனேபிள் செய்தால் நின்றுவிடும். பின்னால் இருக்கும் ஸ்விட்சை அணைத்தாலும் போதும். ஆனால் இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: ஷட்டவுன் செய்த மெஷினுக்குள்ளும் கரண்ட் இருக்கிறது. ஈரத்துணியால் துடைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நனைந்த மெஷின்களை, எரிகிறதா பார்ப்போம் என்று பிளக்கில் செருகிப் பார்த்துவிட்டு எங்களிடம் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். செருகாமல் கொண்டுவந்தவர்களுடையதில் பலவற்றைக் காயவைத்துக் காப்பாற்றினோம். செருகியவை பெரும்பாலும் குப்பைக்குத்தான் போயின.

தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று தனிப் பிரச்சினை. விளக்கு ஒரு நிறத்தில் மட்டும் எரிகிறது, பாதியில் நின்றுவிடுகிறது என்று வருவதில் நிறைய, பின்னில் பச்சை பூத்ததால் வருவது. புதிய ஃபேன் வாங்கிவிடாதீர்கள், முதலில் துடைத்துப் பார்க்கலாம்.

யூபிஎஸ் பற்றி ஒரு வரி. சாதாரண 600 விஏ யூபிஎஸ் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். விளையாடும்போது கரண்ட் போனால் மானிட்டரோடு சேர்த்து அதற்குத் திணறும், கத்திவிட்டு அணைந்துவிடும். அதற்கும் விளக்கைத் திட்டாதீர்கள்.

மஞ்சக்குப்பம் சார் விளக்கைக் கழற்றவில்லை. ஃபிரேமைப் பூட்டி, இருபது நிமிடத்தில் ஸ்லீப் போகும்படி வைத்து, கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் உச்ச வாட்) 80 சதவீதத்துக்கு இறக்கிக் கொடுத்தோம். அதற்கான ஆஃப்டர்பர்னர் மென்பொருள் இலவசம், எந்தக் கம்பெனி கார்டுக்கும் வேலை செய்யும். வேகம் சில சதவீதம்தான் குறையும், பையனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கிளம்பும்போது சார், "லைட்டு இருக்கட்டும், ஆனா நீலம் மட்டும் வைங்க. கண்ணு கூசுது" என்றார். நீலத்தில் வைத்துக் கொடுத்தோம்.

இந்த மூன்று வேலையையும் எங்களிடம் வாங்கிய மெஷின்களுக்கு ஜூலை கடைசி வரை காசில்லாமல் செய்து தருகிறோம், ஞாயிறு தவிர. கொண்டுவரும்போது பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டு வாருங்கள், கிராஃபிக்ஸ் கார்டு ஆடாமல் இருக்கும்.

வாட் மீட்டரை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் நோட்டில் பெயர் எழுதிவிட்டு இரண்டு நாள் இரவல் வாங்கிக்கொள்ளலாம். எங்களிடம் இரண்டு இருந்தன. ஏப்ரலில் போன ஒன்று இன்னும் திரும்பவில்லை, நோட்டில் பெயரும் இல்லை. யாரிடம் இருந்தாலும் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், ஒன்றும் கேட்கமாட்டோம்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் கடைக்காரர்