போத்தனூர் பிளாட்பாரத்தில் ஒரு பலகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையின் பழமை என்று பேச்செடுத்தால் பேரூர், கோனியம்மன் கோயில், டவுன்ஹால் என்று சொல்லிக்கொண்டு போவோம். அதில் எங்கள் போத்தனூரை யாரும் சேர்ப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862-லேயே போத்தனூர் வழியாகப் போனது. மேட்டுப்பாளையத்துக்குப் பாதை போட்ட 1873-ல்தான் கோவை நகருக்குள் ரயில் வந்தது. நடுவில் 11 வருஷம் கோவைக்காரர்கள் ரயிலேற எங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும். ரயிலை ஒட்டியே ரயில்வே காலனி, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சிக்னல் ஒர்க்‌ஷாப் என்று ஊர் வளர்ந்தது.

1915-ல் பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது. சின்ன வயதில் அந்த வண்டியில் கிணத்துக்கடவுக்கு மாமா வீட்டுக்குப் போவோம். ஸ்டேஷனுக்குள் வண்டி மெதுவாக நுழையும்போது, கையில் வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். டிரைவர் எட்டி, முழங்கை வரை அதை வாங்கிக்கொள்வார். வளையத்தோடு தொங்கும் தோல் பையில் டோக்கன் இருக்கும். அது கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பாது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை கேட்பதுபோல் கேட்கிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது இன்னொரு விஷயம். எங்கள் அப்பத்தா, மூடிய கூட்ஸ் பெட்டியைக் கண்டால் போதும், "மூச்சடைச்சுச் செத்தாங்களே, யாரு பெத்த புள்ளைகளோ" என்று நின்றுவிடுவார். அது என்னவென்று பெரியவளான பிறகுதான் தெரிந்தது. 1921 நவம்பரில், வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கேரளத்தில் நடந்த மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் 100 கைதிகளை அங்குள்ள திரூரில் ஒரே சரக்குப் பெட்டியில் அடைத்து, கதவைப் பூட்டி ரயிலில் கோத்து அனுப்பினார்கள். காற்றுப் போக வழியில்லை. நடுராத்திரி தாண்டி போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிணமாகக் கிடந்தார்கள். உயிரோடு இருந்தவர்களைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை.

திரூரில் அவர்களுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. கதவு திறந்தது எங்கள் ஊரில். தினமும் இந்த பிளாட்பாரத்தில் ரயிலேறும் காலேஜ் பிள்ளைகள் பத்துப் பேரைக் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களை எப்படிக் குறை சொல்வது? யாராவது சொல்லியிருந்தால்தானே!

பெரிய மண்டபமெல்லாம் கேட்கவில்லை. ஏறி இறங்குபவர்கள் கண்ணில் படும்படி ஒரு கல்பலகை போதும். 1862, 1915, அப்புறம் அந்த 1921 நவம்பர் இரவு, மூன்றும் அதில் இருக்கட்டும். தமிழோடு மலையாளத்திலும் எழுதி வையுங்கள். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் வண்டிகள் பல இன்னமும் இங்கே நின்றுதான் போகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
போத்தனூர், கோவை.