'செட்' என்றால் 'தொகுப்பு' மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தரும் ஞாயிறு பகுதியில் சென்ற வாரம் 'செட்' என்பதற்கு 'தொகுப்பு' என்று போட்டு, இனி எல்லா இடத்திலும் இதையே புழங்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். வலங்கைமான் பக்கம் கோயில் விசேஷம், கல்யாணம், காதுகுத்துக்கு மைக் செட் கட்டிப் பிழைப்பவன் நான். கடையைத் திறந்ததிலிருந்து இந்தச் சொல்தான் வாயில் கிடந்து உருள்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பங்குனியில் பாடைக் காவடித் திருவிழா சமயத்தில் என் கடை வாசலில் வந்து நில்லுங்கள். "அண்ணே, சீரியல் செட்டு பந்தல் வரைக்கும் எட்டுமா?" "ஜென்செட்டுக்கு டீசல் ஊத்தியாச்சா?" "நாயனம் ரெண்டு செட்டு, பேண்டு செட்டு ஒண்ணு, யாருக்கு எந்த மைக்கு?" மைக் செட் என்றால் ஆம்ப்ளிபயர், பாக்ஸ், மைக், ஸ்டாண்டு, ஒயர் எல்லாம் சேர்ந்தது, அதைத் தொகுப்பு என்றால்கூட ஒப்புக்கொள்வேன். நாயன செட்டில் இருப்பது சாமான் இல்லை, ஆட்கள். நாயனக்காரர், தவில்காரர், தாளம், சுருதி. 'தவில் தொகுப்பு வந்துவிட்டதா' என்று கேட்டால் வித்வான் வண்டியை விட்டு இறங்க மாட்டார். என் மாமனார் ராத்திரி பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போடுகிறார். காலையில் "மாப்ளே, என் பல் தொகுப்பு எங்க?" என்றா கேட்பார்?

இங்கிலீஷ்காரனுக்கே இது லேசான சொல் இல்லையாம். ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ஆக நீளமான பதிவு இதற்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள், விளக்கமே சுமார் 60,000 சொற்கள். பிறகு 'ரன்' 645 பொருளோடு முந்திக்கொண்டது. இதைவிட எனக்குப் பிடித்தது வேறு. ஒரே சொல்லாகத் தெரிகிற இதற்கு வேர் இரண்டு. 'வை, அமர்த்து' என்ற வினை பழைய ஆங்கிலத்தது. கூட்டம், சேர்க்கை என்கிற பெயர்ச்சொல்லோ ஒரு தலைவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஓசை ஒன்றாகிப்போனதால் இரண்டும் கலந்துவிட்டன.

நம்மூரில் மூன்றாவதாக 'ஷெட்' வேறு வந்து ஒட்டிக்கொண்டது. மோட்டாரும் செட்டு, மோட்டார் இருக்கிற கொட்டகையும் செட்டு. "செட்டுல செட்டு ஓடுது, பாத்துட்டு வா" என்று எங்கள் தெரு விவசாயி சொன்னால் அவர் பேரனுக்குக்கூடக் குழப்பம் கிடையாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத வருஷங்களில் குறுவைக்கு அந்த இரண்டு செட்டும்தானே கதி!

யோசித்துப் பார்த்தால், நம் ஜனங்கள் இந்தச் சொல்லைக் கண்டபடி அள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. பம்பு, மைக், பல்செட் என்று சாமான் வெளியிலிருந்து வந்த இடத்தில் பெயரும் கூடவே வந்தது. தளம் போடும் கொத்தனார் சிமெண்டு 'செட்டாகணும்' என்கிறார். அவர் வீட்டிலேயே தயிர் உறைகிறது, பாகு இறுகுகிறது. பொழுது சாய்கிறது. இங்கிலீஷ்காரன் இவற்றுக்கும் 'செட்' என்றுதான் சொல்வான், நம்மிடம் அங்கெல்லாம் செட்டுக்கு வேலை இல்லை.

எனக்கு உறுத்துவது ஒரே இடம்தான். வரன் பார்க்கிற பேச்சில் எத்தனை சொல் இருந்தது! அமைந்தது, கூடி வந்தது, தோதுப்படவில்லை, ஒத்து வரவில்லை, பொருந்தி வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. ஜாதகம் பொருந்தவில்லை என்றால் யார் மீதும் குற்றமில்லை. தோதுப்படவில்லை என்றால் பணமோ தூரமோ இடிக்கிறது. ஒத்து வரவில்லை என்றால் ஆட்களே சரியில்லை. போன மாதம் ஒரு மண்டபத்தில் மைக் சோதித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு அம்மா, "அந்த எடம் செட்டாகல" என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏன், என்னாச்சு?" என்று மறுபடி கேட்க வேண்டியிருந்தது. பழைய சொல்லில் சொல்லியிருந்தால் அந்த இரண்டாம் கேள்விக்கே வேலை இல்லை. தமிழைக் காப்பாற்றுவதென்றால் இங்கே காப்பாற்றுங்கள். பம்பு செட்டை விட்டுவிடுங்கள்.

பொருளுக்குப் பொருள் பிரித்துக் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை. பள்ளிக் கணக்குப் புத்தகம் 'கணம்' என்று எப்போதோ வைத்துவிட்டது. எங்கள் தொழிலிலும் திருவிழா நோட்டீஸில் 'ஒலி, ஒளி அமைப்பு' என்றுதான் அச்சடிக்கிறார்கள். காவல் நிலையத்தில் அனுமதி கேட்கும் மனுவில் நானே 'ஒலிபெருக்கி' என்று எழுதுகிறேன். பில்லில் மட்டும் மைக் செட். மூன்றும் அதனதன் இடத்தில் சரியாகவே இருக்கிறது.

இன்னொன்று. அதே பெட்டிச் செய்தியில் உதவிப் பேராசிரியர் பணிக்கான 'செட்' தேர்வையும் இந்தச் சொல்லின் கீழ் சேர்த்திருக்கிறீர்கள். அது மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள். இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. படிக்கிற பிள்ளைகள் வெட்டி வைத்துக்கொள்ளும் பகுதி என்பதால், வரும் ஞாயிறே திருத்தம் போட்டுவிடவும்.

இப்படிக்கு,
மைக் செட் உரிமையாளர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.